நிழல் விழாத தூரம்

திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓடும் வண்டிகளைப் படமெடுக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன தை மாதம் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். மாட்டு வண்டிப் பந்தயம். பூஞ்சிட்டு வகைக் காளை ஜோடி ஒன்று கேமராவை நேருக்கு நேர் பார்த்துப் பாய்ந்து வருகிறது. வலது காளையின் வாயிலிருந்து நூலாக எச்சில் பறக்கிறது, அது அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. சாரதியின் கண் தெரிகிறது. கீழே, “எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டிருந்தார்.

அன்றைக்கு நான் பதில் எழுதவில்லை. படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு நிழல் கிடந்தது. இரண்டு முழங்கைகளும் விரிந்த ஆள் நிழல், தலைப்பக்கம் கேமரா. அந்த நிழலின் தலை, இடது காளையின் குளம்படியில் போய் முடிந்திருந்தது. காலை எட்டரை மணிப் படம் என்று கோப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தை மாதம் அந்த நேரத்துக்கு ஆளின் நிழல் அவர் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று கூடுதலாக விழும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தம்பிக்கும் காளைக்கும் நடுவே பன்னிரண்டு அடி. அந்த வேகத்தில் வரும் மாட்டுக்குப் பன்னிரண்டு அடி என்பது அரை வினாடிகூட இல்லை.

அந்த ஒருவருக்கு மட்டும் எழுதியிருந்தால் கண்டித்ததாக ஆகியிருக்கும். இப்போது உங்களில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கோயம்புத்தூர்ப் பக்கம் கார் ராலி படமெடுக்கப் போகத் திட்டம் போடுவதாகக் கேள்விப்பட்டேன். மாடு கடைசி நேரத்தில் ஆளைப் பார்த்து ஒதுங்கினாலும் ஒதுங்கும். கார் ஒதுங்காது. அதனால்தான் எல்லாருக்குமாக இந்த மடல்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளி நில்லுங்கள். உயிருக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. ஓடுகிற வண்டியின் நல்ல படம் தூரத்தில்தான் கிடைக்கிறது. பக்கத்தில் போனால் தைரியம் தெரியும், ஓட்டம் தெரியாது. இருபது வருடம் கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டே, கிடைத்த ஞாயிறுகளில் எல்லாம் மாட்டு வண்டிக்கும் காருக்கும் பின்னால் அலைந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ராலி என்றால் என்னவென்று நம் ஊர்க்காரனுக்குப் புரியவைப்பது சுலபம். நம் மாவட்டம் இரண்டு பந்தய வழக்கங்களுக்கு நடுவில் இருக்கிறது. மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கம் எல்லா வண்டியும் ஒன்றாகக் கிளம்பி, இத்தனை மைல் போய் வர வேண்டும் என்று ஓடும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரித்து விடுவார்கள். பழனியைத் தாண்டிக் கொங்கு நாட்டுக்குள் போனால் ரேக்ளா. இருநூறு மீட்டர், முந்நூறு மீட்டர். ஒவ்வொரு வண்டியாகத் தனியே ஓடும், கடிகாரம்தான் எதிராளி. கார் ராலி இந்த ரேக்ளாவின் தம்பி. மூடிய மண்பாதையில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இடைவெளி விட்டு ஒவ்வொரு காராக விடுவார்கள். பாதையின் ஒவ்வொரு துண்டும் ஒரு ஸ்டேஜ். எல்லா ஸ்டேஜ் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர். பக்கத்து இருக்கையில் கோ-டிரைவர் உட்கார்ந்து, முன்கூட்டியே பாதையைப் பார்த்து எழுதிவைத்த குறிப்பை வாய்விட்டு வாசித்துக்கொண்டே வருவார். மேட்டுக்குப் பின்னால் வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று ஓட்டுநருக்குக் காதுதான் சொல்லும். இதை மனதில் வையுங்கள். அந்தக் குறிப்பில் வளைவு உண்டு, கல் உண்டு, பள்ளம் உண்டு. நீங்கள் கிடையாது.

இது நமக்கு அந்நியமான விளையாட்டும் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-ல். சவுத் இந்தியா ராலி அவர்கள் நடத்துவது. அதைப் பலமுறை வென்றவர் கோவையின் ஜி.ஆர். கார்த்திகேயன்; ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நாராயண் கார்த்திகேயனின் அப்பா. செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்துக்குப் பெயர் தந்த கரிவரதனும் அந்த மண்ணின் ஆள்தான். தேசிய ராலியின் கோவைச் சுற்றுகள் பல்லடம் பக்கம் கேத்தனூர் காற்றாலைக் காட்டுக்குள் நடந்திருக்கின்றன. நமக்கு ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் முதல் வெளிச்சத்துக்கு அங்கே இருக்கலாம்.

கேத்தனூரை ஒரு படக்காரன் கண்ணால் சொல்கிறேன். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் வெட்டவெளி, அங்கங்கே வேலிக்காத்தான், தலைக்கு மேல் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் மேல்காற்று அங்கே நேராக வந்து மோதுவதால்தான் அத்தனை காற்றாலைகளை அங்கே நட்டிருக்கிறார்கள். அதே காற்றுதான் உங்கள் படத்தின் தலையெழுத்தையும் எழுதும். கார் கிளப்பும் புழுதி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நின்றால் முதல் கார் போனதுமே உங்கள் லென்ஸில் திருநீறு பூசின மாதிரி ஆகிவிடும். அடுத்த காரே தெரியாது. காற்று வருகிற பக்கம் நில்லுங்கள். ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவிப் பாருங்கள், பொலி தூற்றுகிறவர்கள் களத்தில் பார்ப்பதைப்போல. புழுதி உங்களைவிட்டு விலகிப் போகும்போது காரின் பின்னால் ஒரு தோகை விரியும். காலை வெயில் அந்தத் தோகைக்குள் புகுந்து வரும் பத்து வினாடிக்காக இருநூறு கிலோமீட்டர் போனாலும் தகும்.

இனி என் கதை. எந்த ராலி, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். தப்பு முழுக்க என்னுடையது.

இடதுபக்கம் திரும்பும் ஒரு வளைவு. அதன் வெளிப்பக்கம், அதாவது வலது ஓரத்தில், வெளிச்சம் அருமையாக இருந்தது. கார் நேராக என்னைப் பார்த்து வரும், கடைசியில் திரும்பும், பின்சக்கரம் மண்ணை அள்ளி வீசும். நான் ஆசைப்பட்டது அந்தப் படத்துக்குத்தான். பாதுகாப்புக்கு நின்ற மார்ஷல் பையன் ஒருவன், என் மகன் வயதுதான் இருக்கும், விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்து, “சார், அங்க நிக்காதீங்க சார்” என்றான். எனக்குக் கோபம். நாலு கார் போகும்வரை அவனோடு வாக்குவாதம் செய்தேன். கடைசியில் கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டு, பையை அங்கேயே விட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே எதிர்ப்பக்க மேட்டில் ஏறினேன். ஐந்தாவது கார் வளைவுக்குள் வந்தது. முன்சக்கரம் இடதுபக்கம் திரும்பியிருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் கார் திரும்பவில்லை. சறுக்கிக்கொண்டே நேராகப் போய், என் பை கிடந்த இடத்தில் ஏறி, வேலியை உடைத்துக்கொண்டு நின்றது. ஓட்டுநருக்கும் கோ-டிரைவருக்கும் கீறல்கூட இல்லை.

பைக்குள் என் மனைவி கட்டிக்கொடுத்த தயிர்சாதம், எவர்சில்வர் டிபன் பாக்ஸில். அந்த டப்பா இன்றும் என் ஸ்டூடியோ அலமாரியில் இருக்கிறது. மூடியும் அடியும் ஒட்டி, ஒரு தட்டு கனத்துக்கு நசுங்கியிருக்கும். வருகிறவர்கள் என்னவென்று கேட்பார்கள். உங்களில் சிலரும் கேட்டிருக்கிறீர்கள். “பழைய டப்பா” என்று சொல்லி மழுப்பியிருக்கிறேன். அது இந்தக் கதைதான்.

கார் ஏன் அங்கே வந்தது என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மண்பாதையில் முதலில் போகும் கார்கள் தளர்ந்த சரளையைச் சக்கரத்தால் தள்ளித் தள்ளி வளைவின் வெளி ஓரத்தில் குவித்துவிடும். நடுவில் பாதை இறுகிப் பிடிப்பாக இருக்கும், ஓரத்தில் கேழ்வரகைக் கொட்டினாற்போல உருளும். பின்னால் வரும் ஓட்டுநர் ஒரு சாண் அகலமாகப் போனாலும் சக்கரம் அந்தச் சரளையில் ஏறும், பிடி விட்டுவிடும். முன்சக்கரம் பிடி விட்டால் கார் நேராகப் போகும். பின்சக்கரம் பிடி விட்டால் வால் வெளிப்பக்கமாக வீசும். எப்படித் தவறினாலும் வெளிப்பக்கம்தான். ஆகவே வளைவின் வெளிப்பக்கம் யாருக்கும் இடமில்லை, படக்காரனுக்கும் இல்லை. உள்பக்கமும் முழுப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். சில ஓட்டுநர்கள் உள் ஓரத்தை வெட்டிக்கொண்டு போவார்கள், கல்லில் ஏறினால் கார் உருளும். பாதையைவிட உயரமான இடம், தள்ளிய இடம், பின்னால் ஓடுவதற்கு வழி உள்ள இடம், அங்கேதான் நிற்க வேண்டும். முள்வேலியையோ கிணற்றையோ முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஒரு கார் போனதும் அடுத்ததற்கு நேரம் இருக்கிறது என்று பாதையைக் கடக்கவும் கூடாது.

தள்ளி நின்றால் படம் சின்னதாக வருமே என்பீர்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் கார் வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. ஷட்டரை 1/1000 வினாடியில் வைத்தால் அந்த நேரத்துக்குள் கார் நகர்வது இரண்டரை சென்டிமீட்டர். சக்கரம் ஏறக்குறைய திரும்பியே இருக்காது. ஆரக்கால் ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய அளவுக்குத் துல்லியமாக நிற்கும். படத்தைப் பார்க்கிறவனுக்குக் கார் செம்மண் ரோட்டில் நிறுத்திவைத்த கார். நீங்கள் அனுப்பும் படங்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. பூஞ்சிட்டுப் படத்திலும் வண்டிச் சக்கரம் நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஷட்டரை 1/60-க்கு இறக்குங்கள். இப்போது சக்கரம் ஐந்தில் ஒரு பங்கு சுற்றிவிடும், ஆரக்கால்கள் கலந்து ஒரு வட்டப் புகையாகும். ஆனால் காரும் நாற்பது சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அது கலங்காமல் இருக்க வேண்டுமென்றால் கேமராவும் காரோடு அதே வேகத்தில் திரும்ப வேண்டும். பேனிங் என்பது இதுதான். கார் கூர்மையாக நிற்கும், பின்னால் இருக்கும் பனையும் வேலியும் ஜனங்களும் கோடு கோடாக ஓடுவார்கள்.

இங்கேதான் தூரம் வருகிறது. பாதையிலிருந்து 10 மீட்டரில் நீங்கள் நின்றால், கார் உங்களுக்கு நேர் எதிரே கடக்கும் அந்தக் கணத்தில் வினாடிக்கு 140 டிகிரி வேகத்தில் கேமராவைத் திருப்ப வேண்டும். எந்த இடுப்பும் அதைச் சீராகச் செய்யாது. 40 மீட்டரில் நின்றால் வினாடிக்கு 36 டிகிரி போதும். தேர் வடத்தை எல்லாரும் சேர்ந்து இழுக்கும்போது உடம்பு ஒரு நிதானத்தில் திரும்புமே, அந்த வேகம். இன்னொன்றும் உண்டு. பக்கத்தில் நின்றால், கடந்து போகும்போது காரின் முகம் ஒரு வேகத்தில் நகரும், வால் வேறு வேகத்தில் நகரும். முன்விளக்கு கூர்மையாக விழுந்தால் பின்கதவு கலங்கிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் முகத்திலிருந்து வால்வரை ஒரே சீராக நகரும், முழுக்காரும் கூர்மையாகக் கிடைக்கும். வளைவின் உள்பக்கம் தள்ளி நின்றாலோ இன்னும் விசேஷம். கார் உங்களைச் சுற்றி வில்போல வருவதால் அதற்கும் உங்களுக்கும் உள்ள தூரம் அதிகம் மாறாது, ஃபோகஸ் தடுமாறாது.

லென்ஸ் இல்லையே என்று சொல்லாதீர்கள். ஆரம்பக் கேமராவோடு இரண்டாவதாகத் தருகிற 55-250 லென்ஸ் உங்களில் பலரிடம் இருக்கிறது. 40 மீட்டரில் ஒரு கார் படத்தின் பாதி அகலத்துக்கு வர அந்த லென்ஸில் 120 அளவு வைத்தாலே போதும். பாதியைத்தான் நிரப்ப வேண்டும். மீதிப் பாதி, கார் ஓடுவதற்கான இடம்.

மத்தியான வெயிலில் ஐஎஸ்ஓ 100, அப்பெர்ச்சர் 22 வைத்தால் 1/50 கிடைக்கும். அதைவிட இறங்க வேண்டுமானால் லென்ஸ் முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டுங்கள். ஆனால் மத்தியானம் எடுக்காமல் நிழலில் உட்கார்ந்து மோர் குடிப்பது மேல் என்பது என் கட்சி.

நூறு வருடத்துக்கு முன்னால் ஷாக் ஆன்றி லார்த்திக் என்ற பிரெஞ்சுப் பையன், இருபது வயதுகூட ஆகாதவன், ஒரு கார்ப் பந்தயத்தில் பெரிய பெட்டிக் கேமராவோடு நின்றான். காரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பினான், ஆனால் காரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அந்தக் காலத்து ஷட்டர்த் திரை மெதுவாக நகரும். அதனால் காரின் சக்கரம் முட்டைபோல முன்பக்கம் சாய்ந்தது, நின்ற ஜனங்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். கணக்குப்படி அது தோற்றுப்போன படம். ஆனால் அதைப் பார்க்கும்போது வேகம் வயிற்றில் தெரியும். 1963-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. உங்கள் கலங்கிய படங்களை உடனே அழிக்காதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

இன்னொரு படமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 1986 மார்ச் 5, போர்ச்சுகல் ராலி, சிந்த்ரா மலைப்பாதை. அந்தக் காலத்தில் அங்கே ஜனங்கள் பாதையின் நடுவிலேயே நிற்பார்கள், கார் வர வரத்தான் விலகுவார்கள். கேமராக்காரர்களும் அப்படியே. காரைக் கையால் தொட்டுவிட்டால் பெருமை. அன்று ஒரு ஃபோர்டு ஆர்எஸ் 200, பாதையில் நின்றவர்களைத் தவிர்க்கத் திருப்பியதில் பிடி தவறி, ஓரத்துக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். பெரிய அணிகளின் ஓட்டுநர்கள் எல்லாரும் மேற்கொண்டு ஓட்ட மறுத்து விலகினார்கள். இரண்டு மாதத்தில் கார்சிகாவில் நடந்த ராலியில் ஓட்டுநர் ஹென்றி தோய்வோனனும் அவருடைய கோ-டிரைவரும் எரிந்து இறந்தபின், குரூப் பி என்ற அந்தக் கார் வகையே ராலியைவிட்டுப் போயிற்று. நம் நாட்டிலும் 2019 செப்டம்பரில், ராஜஸ்தானின் பார்மர் பக்கம் தேசிய ராலி நடந்தபோது, ஸ்டேஜுக்குள் வந்துவிட்ட மோட்டார் சைக்கிள் மேல் கார் மோதி ஒரே குடும்பத்தில் மூவர் போனார்கள். மூடிய பாதை என்று நாம் நம்பும் பாதைக்குள்ளும் யாராவது வந்துவிட முடியும். நாமே அந்த யாராவது ஆகிவிடக் கூடாது.

நம் பந்தயங்களில் நடப்பதும் எனக்கு வருத்தம்தான். மைல் பந்தயத்தில் மாட்டு வண்டிகளுக்கு இரண்டு பக்கமும் பைக்குகள் சீறிக்கொண்டு போகின்றன. பின்னால் உட்கார்ந்தவர் கையில் போன், ஹாரனும் கூச்சலும் காளையின் காதுக்குள். அந்தப் பைக்குகளில் உங்களையும் பார்த்திருக்கிறேன். காளைக்கு அது பந்தயமாக இருக்காது, துரத்தலாக இருக்கும். அப்படி எடுத்த வீடியோவில் காளையின் கண்வெள்ளை தெரிகிறதே, அதை நிறுத்திப் பாருங்கள். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். அதேபோல நண்பனின் காரை நாலுவழிச் சாலையில் விரட்டச் சொல்லிப் படம் பிடிப்பதையும் விட்டுவிடுங்கள். வேடசந்தூர் ரோடு ஸ்டேஜ் கிடையாது. அங்கே விசில் ஊத மார்ஷல் இல்லை, மில் வேலை முடிந்து ரோட்டைக் கடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ராலிக்கு முதல்முறை போகும்போது பார்வையாளருக்கு ஒதுக்கிய இடத்திலேயே நில்லுங்கள். படக்காரர் அங்கி கிடைத்தால்தான் உள்ளே போகலாம் என்று மனம் வெதும்ப வேண்டாம். என் நல்ல படங்களில் மூன்று, கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜனங்களோடு நின்று எடுத்தவை. ஒன்றில் காருக்கும் எனக்கும் நடுவே ஒரு பாட்டி தலையில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் கலங்கலாகத்தான் தெரிகிறார். அவர் இல்லாவிட்டால் அது கேத்தனூர் இல்லை, எந்த நாட்டிலும் எடுத்திருக்கலாம்.

அதற்கு முன்னால் பழக வேண்டும். வருகிற ஞாயிறு காலை ஆறரைக்குத் தாடிக்கொம்பு ரோட்டுக்கு வாருங்கள். என் மச்சானின் தென்னந்தோப்பு ரோட்டிலிருந்து நாற்பது மீட்டர் உள்ளே, வேலிக்குப் பின்னால் இருக்கிறது. பால் கேன் கட்டிய டிவிஎஸ் 50, மில் வேன், மினி பஸ் எல்லாம் அந்நேரம் வரிசையாகப் போகும். டிவிஎஸ் 50-க்கு 1/30, வேனுக்கு 1/60. கால் இரண்டையும் கடைசியில் கிளிக் செய்யப் போகிற திசைக்கு ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் வண்டி வரும் பக்கம் முறுக்கி, அங்கிருந்தே வண்டியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். கிளிக் செய்தபிறகும் கேமரா நிற்கக் கூடாது. கவணில் கல் விட்டபிறகும் கை சுற்றுமே, அப்படிப் போய்த்தான் ஓய வேண்டும். நூறு எடுத்தால் மூன்று தேறும். எனக்கும் அவ்வளவுதான் தேறுகிறது. கேமராவைச் சுற்ற ஒரு பழைய வேட்டித் துணி, குடிக்கத் தண்ணீர் கொண்டுவாருங்கள். இட்லி என் பொறுப்பு.

பூஞ்சிட்டுப் படம் அனுப்பிய தம்பி கட்டாயம் வர வேண்டும். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டு வைத்திருக்கிறேன். எச்சில் நூல் பறக்கும் அந்த இடம் உண்மையிலேயே அழகு, அதை நீ பார்த்திருக்கிறாய், அந்தக் கண் எல்லாருக்கும் வாய்க்காது. மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் ஸ்டூடியோ அண்ணன்,
திண்டுக்கல்.